கூர்ச்சீட்டின் மூன்றாவது பக்கம்

உங்களில் பாதிப் பேருக்குப் பத்திர எழுத்தர் உரிமம் கைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. பத்திரம் எப்படி எழுதுவது என்று நான் சொல்லப்போவதில்லை. மாதிரிப் படிவம் கணினியிலேயே கிடக்கிறது. நான்கெல்லை, சர்வே எண், சாட்சிகள் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் தப்பு செய்தால் சார்பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார். யாரும் திருப்பி அனுப்பாத தப்பும் நம் தொழிலில் உண்டு. அப்படி ஒன்றை நான் செய்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழவேற்காடு பஜாரில் முப்பத்து நாலு வருஷம் கடை வைத்திருந்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே சொன்னார்: "கட்சிக்காரர் சொல்றத எழுது. உன் அபிப்பிராயத்த எழுதாத. ஒரு வீட்டுல கேட்டத இன்னொரு வீட்டுல போய்ச் சொல்லாத." நல்ல புத்திமதிதான். அதை வைத்துத்தான் நான் பெயர் எடுத்தேன். அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்ளாத வீடுகளில்கூட இரண்டு தரப்பும் "பாயைக் கூப்பிடு" என்பார்கள்.

அப்படிக் கூப்பிட்ட வீடுகளில் ஒன்று. எங்கள் பக்கத்தில் பெரிய சொத்துக்காரர் ஒருவர் இறந்துபோனார். ஏரிக்குத் தெற்கே, காட்டுப்பள்ளி போகிற வழியில் அவருக்கு இறால் குட்டைகள் இருந்தன. வடக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் பெரிய சவுக்குத் தோப்பு. பஜாரில் ஒரு ஐஸ் ஃபேக்டரியும் கடைக் கட்டடமும். மூத்தவன் மனோகர், இளையவன் பாஸ்கர், இரண்டு பேருக்கும் நடுவில் சுசீலா. சுசீலா சென்னையில் பள்ளிக்கூட ஆசிரியை. காரியம் முடிந்த மறுநாளே பாகம் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவதற்கு முன்னால், யாருக்கு எது என்று வீட்டுக்குள்ளேயே ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். கூர்ச்சீட்டு. அது பதிவுக்குப் போகாது. வீட்டோடு இருக்கிற காகிதம். அதை எழுதத்தான் நான் மடிக்கணினியோடு போனேன். மூன்று நாள் ஆனது. தோப்பு மனோகருக்கு, குட்டை பாஸ்கருக்கு, ஐஸ் ஃபேக்டரியும் கட்டடமும் சுசீலாவுக்கு என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. பாஸ்கர் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து எழுந்து போனான்.

மூன்றாம் நாள் உண்மையான காரணம் வெளியே வந்தது.

"குட்டைய எனக்குக் குடுத்துட்டு ஆளுங்கள அண்ணன் தோப்புக்கு இட்டுகினு பூட்டா, நான் யார வெச்சு வல இழுக்கறது?" என்றான்.

ஆளுங்க என்று அவன் சொன்னது குட்டைக் கரையில் ஓலைக் குடிசையில் இருந்த ஐந்து இருளர் குடும்பங்களை. எப்போதோ கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெரியவரிடம் முன்பணம் வாங்கியவர்கள். அப்பா வாங்கியதற்கு மகள், மாமனார் வாங்கியதற்கு மருமகன் என்று அங்கேயே வேலை செய்துகொண்டிருந்தார்கள். குட்டையில் இறால் பிடிக்காத மாதங்களில் தோப்பில் மரம் வெட்டக் கூட்டிப்போவார்கள். வேறு யாரிடமும் வேலைக்குப் போகக் கூடாது. ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

மனோகர்தான் அதற்கு வழி சொன்னான். "சரி, ஆளுங்களையும் பிரிச்சிடலாம். நைனா குடுத்த முன்பணம் யார் யார் பேர்ல கீதோ, அத்த வெச்சுப் பிரிப்போம். எழுதிக்கோங்க பாய்."

இப்படியாகக் கூர்ச்சீட்டில் மூன்றாவது பக்கம் வந்தது. வரிசை எண், பெயர், வேலை, யாருக்கு என்று நான்கு பத்தி போட்டேன். முனுசாமி என்பவன் பெயரில் இருந்த முன்பணம் மரம் வெட்டுகிற கணக்கில் வந்தது, அதனால் அவன் மனோகருக்கு. அவன் மனைவி கன்னியம்மா தன் அப்பா வாங்கியதற்காக வேலை செய்தவள், அதனால் குட்டையோடு சேர்ந்து பாஸ்கருக்கு. புருஷன் ஒரு வரி, பெண்சாதி ஒரு வரி. நடுவில் வேறு பெயர்கள்.

சுசீலா அதுவரை பேசவில்லை. மனோகரே அவள் பக்கம் திரும்பி, "உனக்கும் வீட்டு வேலைக்கு ஆள் வேணும்னு சொன்னியே. கன்னியம்மா பொண்ணு செல்விய இட்டுகினு போ. சின்னப் பொண்ணு, அரை ஆள்னு போட்டுக்கலாம்" என்றான். சுசீலா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் எழுதினேன்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று நாள் சண்டை முடிந்துவிட்டது. கன்னியம்மாவா, கன்னியம்மாளா, எப்படிப் போடுவது என்று கேட்டேன். பெயர்களில் பிழை வரக் கூடாது என்று பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

நான்காவது பக்கத்தின் அடியில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பிரதி. வழக்கம்போல் நானும் ஒன்று வைத்துக்கொண்டேன்.

பதிவுக்கு முந்தின நாள் காலையில் கன்னியம்மா என் கடைக்கு வந்தாள். எனக்கு அவளை அதற்கு முன் தெரியாது. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். குட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கடைக்குள் வராமல் படிக்குக் கீழே நின்றாள்.

"பாய், எங்க பேர்லாம் ஏதோ காயிதத்துல எழுதினீங்களாமே. மெய்யா?"

"யார் சொன்னது?"

"சின்ன மொதலாளி சொன்னாரு. நீ எனக்கு, உன் வூட்டுக்காரன் அண்ணனுக்குன்னு. காயிதத்துல கீதுன்றாரு."

எனக்குச் சட்டம் தெரியும். அதனால் சட்டப்படி சரியான பதிலைச் சொன்னேன். "அது வெறும் குறிப்பும்மா. பதிவு பண்ற காயிதம் இல்ல. அதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது."

"மதிப்பு இல்லாத காயிதம்னா எம் பொண்ண எதுக்கு நாளைக்கு மெட்ராஸ் இட்டுகினு போறாங்க?"

"அத்த நீ உன் மொதலாளியத்தான் கேக்கணும்."

அவள் திரும்பி நடந்தாள். நான் அடுத்த ஆளின் அடமானப் பத்திரத்தை எடுத்தேன். அன்று அவளிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய தப்பும் அதுதான்.

மறுநாள் பதிவு ஒழுங்காக முடிந்தது. பத்திரத்தில் நிலமும் கட்டடமும் மட்டும்தான் இருந்தன. ஒரு புள்ளி பிசகவில்லை. வெளியே வந்தபோது சுசீலாவின் காரில் பின்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு பதின்மூன்று வயது. மடியில் ஒரு துணிப்பை. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுசீலா எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறினாள். கார் போய்விட்டது.

அதற்குப் பிறகும் ஆறு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனேன், கடைக்குப் போனேன். ஏழாம் நாள் தெற்கே ஒரு மனையை நேரில் பார்க்க வேண்டிய வேலை வந்தது. பாதை குட்டைக் கரை வழியாகத்தான். நான்கைந்து பேர் இடுப்பளவுத் தண்ணீரில் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா அதில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பாய், எங்க வூட்டுக்காரர டிராக்டர்ல ஏத்திகினு பூட்டாங்க. ஒரு வாரமாச்சு. போனும் இல்ல. தோப்புக்கா, வேற எங்கியான்னு யாரும் சொல்லல. எங்க கீறார்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். மூன்றாவது பக்கம், ஐந்தாவது வரி. சுண்ணாம்புக்குளம் தோப்பு. அவளுடைய புருஷன் எங்கே இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. அதுவும் நான் டைப் செய்ததால்.

"சுண்ணாம்புக்குளத்துல, தோப்புல" என்றேன்.

"எப்ப வுடுவாங்க?"

பட்டியலில் அதற்குப் பத்தி இல்லை. தெரியாது என்றேன். குட்டையைப் பார்த்துக்கொள்கிறவன் அங்கிருந்து குரல் கொடுத்தான். அவள் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

நான் மனை பார்க்கப் போகவில்லை. கடைக்கு வந்து பிரதியை எடுத்து மூன்றாவது பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். டைப் செய்தபோது நான் அதைப் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கட்சிக்காரர் வீட்டில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது நான் முப்பது வருஷம் காப்பாற்றிய விதி. அதை யாருக்காகக் காப்பாற்றினேன் என்று யோசித்தேன். கூலி கொடுத்தவர்களுக்காக. அந்தப் பட்டியலில் இருந்த பதினோரு பேரும் என் கட்சிக்காரர்கள் இல்லை. அவர்களைப் பற்றி எழுதிய காகிதத்தில் அவர்களுக்கு ஒரு பிரதிகூடக் கொடுக்கவில்லை.

பயமும் இருந்தது. மனோகருக்கு எல்லா இடத்திலும் ஆள் உண்டு. அந்தக் காகிதத்தைக் காட்டினால் முதலில் மாட்டுவது நான்தான். யாருக்கும் தெரியாமல் மொட்டைக் கடுதாசி போடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் கையெழுத்தில்லாத கடுதாசியைப் பார்த்து யாரும் தோப்புக்கு வண்டி அனுப்பமாட்டார்கள் என்பது பத்திரக்காரனுக்குத் தெரியாதா? நடந்ததை ஒரு பக்கத்துக்கு என் பெயரிலேயே எழுதினேன். உரிம எண்ணையும் போட்டேன். மறுநாள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன்.

கோட்டாட்சியர் ஓர் இளம் பெண். என் மனுவைப் படித்துவிட்டுக் கூர்ச்சீட்டை வாங்கினார். மூன்றாவது பக்கம் வந்ததும் அவர் கை நின்றது.

"இதை டைப் பண்ணது யாரு?"

"நான்தாம்மா."

"அரை ஆள்னு போட்டிருக்கே, அதுவும் நீங்கதானா?"

"ஆமாம்மா. அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்."

"இது கொத்தடிமை வழக்கு. உங்க மேலயும் நடவடிக்கை வரும். தெரிஞ்சுதான் கொடுக்கறீங்களா?"

தெரியும் என்றேன். அவர் பாராட்டவில்லை. வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வட்டாட்சியரைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலையில் தோப்புக்கும் குட்டைக்கும் ஒரே நேரத்தில் வண்டி போனது; குட்டைக்குப் போன வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தோப்பிலிருந்த ஆண்களைக் குட்டைக் கரைக்குக் கூட்டிவந்து எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். முனுசாமி வண்டியிலிருந்து இறங்கியபோது கன்னியம்மா எழுந்தாள், அவன் அருகில் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். மனோகரும் பாஸ்கரும் காரில் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் கரையில் இருந்த பேச்சு நின்றுவிட்டது.

கோட்டாட்சியர் ஒவ்வொருவராகக் கேட்டார். "உங்களை யாராவது பிடிச்சு வெச்சிருக்காங்களா?"

"இல்லீங்கம்மா."

"வேற இடத்துக்கு வேலைக்குப் போகணும்னா போகலாமா?"

"எங்க இஷ்டத்துலதான் கீறோம்மா." முனுசாமியும் அதையேதான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. அவனைக் குறை சொல்ல முடியாது. அதிகாரிகள் சாயங்காலம் போய்விடுவார்கள், முதலாளிகள் அங்கேயே இருப்பார்கள். இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும்.

ஐந்தாவதாகக் கன்னியம்மா. அவளிடமும் அதே கேள்வி. அவள் என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவர் எழுதினாரு. எம் பொண்ணு பேரு அதுல கீது. அத்தப் படிக்கச் சொல்லுங்க. நாங்களும் கேக்கறோம்."

கோட்டாட்சியர் காகிதத்தை என் கையில் கொடுத்தார். எத்தனையோ பத்திரங்களை அலுவலகத்தில் உரக்கப் படித்திருக்கிறேன். இதையும் அதேபோல் படித்தேன். பெயர், வேலை, யாருக்கு. ஒவ்வொரு பெயர் வந்தபோதும் அந்தப் பெயருக்குரியவர் தலை நிமிர்ந்து பார்த்தார். வயதான ஒருவர், "எனக்கு இன்னா போட்டுகீது? இன்னொரு வாட்டி படி" என்றார். 'வயது அதிகம், கணக்கில் இல்லை' என்று போட்டிருந்தேன். அதையும் படித்தேன். "செல்வி, வீட்டு வேலை, அரை ஆள்" என்று முடித்தபோது முனுசாமி எழுந்து நின்றான். "நான் சொன்னத மாத்திச் சொல்லலாமாம்மா?" என்று கோட்டாட்சியரைக் கேட்டான்.

மனோகர் சும்மா இருக்கவில்லை. "மேடம், கையெழுத்து எங்க கீதுன்னு பாருங்க. நாலாவது பக்கத்துல. மூணாவது பக்கத்துல எங்க கையெழுத்தே இல்ல. பாய் எங்ககிட்ட அதிகமாக் கூலி கேட்டாரு, குடுக்கல. அந்தக் கடுப்புல நடுவுல ஒரு காயிதத்தச் சொருகிட்டாரு."

அவன் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. நான் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கவில்லை. பதிவுக்குப் போகாத காகிதம்தானே என்று விட்டிருந்தேன். இதைக் கேட்டு நீங்கள் இனிமேல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வாங்குவீர்கள் என்றால் நல்லதுதான். ஆனால் அன்று அந்தக் கரையில் நின்றபோது என் சொல்லுக்கும் அவன் சொல்லுக்கும் நடுவில் சாட்சி என்று ஒன்றும் இல்லை. நான் எழுதிய காகிதத்தை நானே நம்பவைக்க முடியாமல் நின்றேன்.

கோட்டாட்சியர் நேரத்தை வீணாக்கவில்லை. "மூணாவது கையெழுத்து உங்க தங்கச்சியோடதுதானே? அவங்க நம்பர் கொடுங்க" என்றார். அங்கேயே நின்று சுசீலாவிடம் பேசினார். மறுநாள் அந்தப் பெண்ணோடு அலுவலகத்துக்கு வரச் சொன்னார். போன் பேசி முடிக்கும்வரை மனோகர் நிதானமாகத்தான் இருந்தான். தங்கை தன்னை விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐஸ் ஃபேக்டரியும் கட்டடமும் வாங்கிக்கொண்டவள். அண்ணன் தம்பியோடு பிறந்தவள். அவள் ஏன் உண்மை சொல்ல வேண்டும்?

சுசீலா செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அலுவலக வாசலிலேயே கன்னியம்மா மகளை வாங்கிக்கொண்டாள். 'வாங்கிக்கொண்டாள்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு கையையும் நீட்டினாள், ஒரு சாமானை வாங்குவதுபோல். அந்தப் பெண் அம்மாவின் புடவையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பத்து நாளில் அவள் சுசீலா வீட்டில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது.

உள்ளே கோட்டாட்சியர் மூன்றாவது பக்கத்தைச் சுசீலா முன்னால் வைத்தார். "இந்தப் பக்கம் நீங்க கையெழுத்துப் போட்டப்ப இருந்ததா?"

மனோகர் அவளைப் பார்த்தான். "சுசீ, யோசிச்சுச் சொல்லு."

"பத்து நாளா அதைத்தாண்ணா யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். பிறகு கோட்டாட்சியரிடம், "இருந்தது மேடம். அண்ணன் சொன்னார், பாய் எழுதினார், நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன். மூணு பேர் செஞ்சதுதான் இது. எம் பேரையும் சேர்த்துக்குங்க" என்றாள்.

பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டான். மனோகர் எழுந்து வெளியே போனான்.

ஐந்து குடும்பத்துக்கும் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள். முன்பணம் செல்லாது என்று அதில் இருந்தது. அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு வருஷம் அவர்கள் ஒரு புறம்போக்கில் தார்ப்பாய் போட்டு இருந்தார்கள். ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தார்கள். அலைந்து அலைந்துதான் வீட்டுமனைப் பட்டா வாங்கினார்கள். அண்ணன் தம்பி மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. மூன்று பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

என் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். விசாரணையில் மாவட்டப் பதிவாளர், "நீங்களே வந்து சொன்னீங்க, அதனாலதான் ஆறு மாசம்" என்றார். நியாயமான தண்டனை. திரும்பக் கடை திறந்தபோது பெரிய வீடுகள் வரவில்லை. பாகப்பிரிவினைக்கு என்னை யாரும் கூப்பிடவே இல்லை. வாடகை ஒப்பந்தமும் மனுவும் எழுதிக்கொண்டு மிச்ச வருஷங்களை ஓட்டினேன். நான் அந்த வீட்டில் மூன்றாம் நாளே மடிக்கணினியை மூடியிருந்தால் இந்த ஆறு மாதமும் இல்லை, அந்தப் பெண்ணுக்கு அந்தப் பத்து நாளும் இல்லை. நீண்ட நாள் இழுக்கிற ஒரு சண்டை திடீரென்று எல்லாருக்கும் சம்மதமாக முடிந்தால், அந்த அறையில் இல்லாத யாரிடமிருந்து எதை எடுத்து அதை முடித்தார்கள் என்று பாருங்கள். எழுதுவதற்கு முன்னால் பாருங்கள். எழுதிய பிறகு நான் பட்ட பாட்டைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

நான் கடையை மூடுவதற்குச் சில மாதம் முன்பு கன்னியம்மா பஜாருக்கு வந்தாள். கூட நான்கு பெண்கள், அதே ஐந்து குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். என் கடை முன்னால் நின்றாள்.

"நல்லா கீறீங்களா பாய்?"

"நல்லா இருக்கேம்மா. இன்னா எல்லாரும் சேர்ந்து வந்திருக்கீங்க?"

"பழைய போட் ஒண்ணு வாங்கறோம். அஞ்சு பேர் பேர்லயும். எழுதி வாங்கிக்கணும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து விரித்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அங்க எழுதச் சொல்லிட்டோம் பாய்" என்றாள். இரண்டு கடை தள்ளிப் புதிதாகக் கடை போட்டிருந்த இன்னொரு எழுத்தரைக் காட்டினாள். குரலில் கோபம் இல்லை. சங்கடமும் இல்லை. "வர்றேன் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் இருந்த இடத்திலிருந்து அந்தக் கடை தெரியும். எழுத்தர் வரி வரியாகப் படித்தார். ஐந்து பெண்களும் மேஜையைச் சுற்றி நின்று கேட்டார்கள். முடிந்ததும் கன்னியம்மா மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். பிறகு ஐந்து பேரும் ஒவ்வொரு பக்கத்திலும் விரல் வைத்தார்கள்.

நான் நாற்காலியை மடக்கி உள்ளே வைத்தேன்.